பச்சை வண்ணம் வேண்டுமா?

பழைய பொருளைப் பேணுவது பண்பு. பழைய பொருளைக் காட்டி மிடுக்குப் பெறுவது பகட்டு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. தில்லியிலும் பஞ்சாபிலும் இன்று பலரைப் பற்றியிருக்கும் ஒரு பொழுதுபோக்கைக் குறித்தே இதைச் சொல்கிறேன். இராணுவ ஜீப் போன்ற பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுவதே அது.

இதை நான் வெறுப்பவன் அல்லன். தில்லியில் வளர்ந்த தமிழன்; வேதியியல் முதுகலை மாணவன். ஞாயிறுதோறும் மாயாபுரியில் ஒரு பட்டறையில் கைவேலை பழகுகிறேன். அங்கே எல்லோரும் 'உஸ்தாத்' என்றழைக்கும் முதியவரே என் ஆசான். துருவின் மீது பாஸ்பாரிக் அமிலம் பட்டால் அது கரிய இரும்புப் பாஸ்பேட்டாக மாறும் என்பதை நான் ஏட்டில் படித்தேன். எந்தத் தகட்டைக் காக்கலாம், எதை வெட்டி எறிய வேண்டும் என்பதை அவர் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே சொல்லிவிடுகிறார். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். காரணத்தை நான் சொன்னேன். மருந்தை அவர் முன்பே செய்து வைத்திருந்தார்.

அந்த வண்டியின் அமைப்பும் வியக்கத்தக்கதே. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே அமைப்பில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைத் திறன். முன் விளக்கைப் பின்புறம் திருப்பினால், இரவில் எஞ்சினைப் பழுது பார்க்க அதுவே விளக்காகும். ஃபோர்டு தன் ஆணிகளில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்தைத் தேடி அலைவதில் ஓர் ஆராய்ச்சி மாணவனின் இன்பம் இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? நம் நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய ஜீப்புகளில் பல, போர்க்களத்தையே காணாதவை. மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்றுப் பல்லாண்டுகள் செய்த, உயர்ந்த முகப்புடைய சி.ஜே. 3பி வண்டிகள் அவை. வனத்துறையாரையும் மருத்துவரையும் தேர்தல் அலுவலரையும் சுமந்து, சாலையில்லாத ஊர்களுக்குச் சென்றவை. அவற்றை வாங்குவோர் பச்சை வண்ணம் பூசி, வெள்ளை நட்சத்திரம் எழுதி, போரிலிருந்து திரும்பிய வண்டி என்கிறார்கள். இது செப்பனிடுதலா? பொய்ச் சான்றிதழ் எழுதுவதன்றோ!

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறையின் வண்டிகளுக்கே உரியதாக்குகிறது. "வண்ணத்தில் என்ன இருக்கிறது?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. அந்த வண்ணத்தைக் கண்டதும் சைக்கிள்காரன் ஒதுங்குகிறான், காவலர் கை தாழ்கிறது. எல்லையில் பனியில் நிற்பவன் ஈட்டிய மதிப்பை, ஒரு டப்பா வண்ணத்துக்கு வாங்கிக்கொள்வது நேர்மையாகுமா?

"அப்படியானால் உண்மையான போர்க்கால ஜீப்புக்கும் அவ்வண்ணம் கூடாதா? அதுதானே அதன் மூல நிறம்?" என்ற கேள்வி நியாயமானது. அருங்காட்சியகத்தில் அவ்வண்ணமே இருக்கட்டும். கடைத்தெருவுக்கு ஓட்டும் வண்டிக்கு வேண்டாம் என்பதே என் துணிபு.

புகை, பெட்ரோல் செலவு என்பாருக்கும் விடையுண்டு. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம். ஆராய்ச்சி என்றால் அது நம் வேலையன்றோ?

நம் வளாகத்தில் இயற்பியலாரும் வேதியியலாரும் பொறியியலாரும் இருக்கிறோம். ஒரு பழைய சி.ஜே. 3பி வண்டியை நாம் கூடி எடுத்துச் செப்பனிடுவோம். அது பிறந்த நிறத்தையே பூசுவோம். உஸ்தாதைப் போன்றவர்களை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியம் தருவோம். அவர்கள் காதில் இருக்கும் அறிவு எந்த நூலிலும் இல்லை. அவர்களோடு அது மறையுமானால், எஞ்சுவது வண்ணம் மட்டுமே.