நடுவில் வைத்த சட்டி

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் வீட்டில், கோழியையும் உருளைக்கிழங்கையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வேகவைத்த பண்டமொன்றை உண்ண நேர்ந்தது. 'காசரோல்' என்று சொல்லிப் பரிமாறினார்கள். உடன் உண்ட தமிழாசிரியர் ஒருவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். இதற்குத் தமிழில் பெயர் என்ன என்பது முதலாவது. தேங்காய் படாத இந்தக் கறிக்கு நாஞ்சில் நாட்டு அடுக்களையில் என்ன வேலை என்பது இரண்டாவது. அன்று நாம் விடை சொல்லவில்லை. வாய் நிறையக் கிழங்கு இருந்தது என்பதே உண்மையான காரணம்.

பெயரைப் பற்றி முதலில். காசரோல் என்பது பிரெஞ்சுச் சொல். அது உணவைக் குறித்ததன்று, பாத்திரத்தைக் குறித்தது. பாத்திரத்தின் பெயர் பிறகு அதில் வெந்த பண்டத்துக்கு ஆகிவந்தது. 'பாலை இறக்கு' என்றால் பால் இருக்கும் பாத்திரத்தை இறக்குவதைத் தானியாகுபெயர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இது அதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஆகவே 'சட்டிக்கோழி' என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது. இடர்ப்பாடு வினைச்சொல்லில்தான் இருக்கிறது. பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்றும் 'அடுமனை' என்றும் இரண்டு சொற்கள் பெயர்ப்பலகை ஏறியிருக்கின்றன. இரண்டும் நமக்கு முழு நிறைவு தரவில்லை. வெதுப்புதல் என்றால் இளஞ்சூடு காட்டுதல். இருநூறு பாகை வெப்பத்தில் கோழித்தோல் வெடித்துப் பொன்னிறமாவதை வெதுப்புதல் என்று எப்படிச் சொல்வது? அடுதலோ சமைத்தல் முழுவதற்கும் பொது. அடுப்பும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. பாலும் சோறும்கூட அடப்படுபவைதாம். ஈழத்தமிழர் போர்த்துகீசியரிடமிருந்து 'போறணை' என்ற சொல்லைப் பெற்றுத் தம் நாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். மலையாளக் கரையின் பேக்கரிக்காரர்கள் 'போர்ம' என்கிறார்கள். ரொட்டியை உண்டவர்கள் சொல்லையும் சேர்த்தே செரித்துக்கொண்டார்கள். நாம் மட்டும் பண்டத்தை உண்டுவிட்டுச் சொல்லை அகராதிக்குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

சொல் இல்லை என்பதால் செயல் இல்லை என்றாகாது. நம் ஆச்சி உருளியின் அடியில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் சிறு சருவத்தை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக்கனலைக் கொட்டி மாவுப்பண்டங்கள் செய்வாள். மேலும் கீழும் தீ. அதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'மேலே கனல் போட்டு வேகவைக்கணும்' என்பாள், அவ்வளவுதான். ஓவன் செய்வதும் அதுவே.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். வந்தேறிப் பண்டம் என்பதுதானே குற்றச்சாட்டு? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து கிளம்பிய உருளைக்கிழங்கை வந்தேறி என்றால், அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த மிளகாயையும் அவ்வாறே சொல்லவேண்டும். அதற்கு யார் துணிவார்கள்? நமது மாவட்டத்தின் அடையாளமாகவே கருதப்படும் மரச்சீனிக் கிழங்கும் அங்கிருந்து வந்ததுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பரப்ப முயன்றார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றபோது திருவிதாங்கூரின் ஏழை வயிறுகளைக் காத்தது அந்தக் கிழங்கு. இன்று மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் நம்மைப் பற்றி யாரும் ஒரு பத்திகூட எழுதமுடியாது. மிஷனரிப் பெண்மணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை அந்நியம் என்று இப்போது யார் சொல்கிறார்கள்?

தேங்காய் இல்லை என்ற குறையை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். நாம் ஏன் தேங்காயை வறுத்து அரைக்கிறோம்? தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் வெப்பம் நூறு பாகையைத் தாண்டாது. சிவக்கும் மணமோ ஏறத்தாழ நூற்று நாற்பது பாகைக்கு மேல்தான் விறுவிறுவென்று பிறக்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் மயார் 1912இல் விளக்கிய வேதிவினை இது. குழம்புக்குள் எதுவும் சிவக்காது என்பதை நம் பெண்கள் மயாருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எனவே தேங்காயைத் தனியே கருஞ்சிவப்பாக வறுத்து, அந்த மணத்தை அரைத்துக் குழம்பில் கரைத்தார்கள். சட்டிக்கோழியில் அதே வேலை வேறு வழியில் நடக்கிறது. அடியில் சாறு கொதிக்க, மேலே தோல் சிவக்கிறது. ஒரே பாத்திரத்தில் குழம்பும் வறுவலும். தேங்காயின் பணியைக் கோழித்தோல் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அந்த ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம்.

செய்முறையை நாம் பிறகு நான்கைந்து முறை செய்து பார்த்துத் தேறினோம். தோலை உரிக்காத கோழி ஒரு கிலோ வேண்டும். கடைக்காரர் கேட்காமலே தோலை உரித்துவிடுவார். கத்தி படுமுன் சொல்லிவிடுவது நலம். துண்டுகளில் உப்பும் நல்லமிளகும் பூண்டும் எண்ணெயும் தடவி ஒருமணி நேரம் ஊறவைக்கவேண்டும். முக்கால் கிலோ உருளைக்கிழங்கைத் தடித்த வில்லைகளாக நறுக்கி, சின்ன உள்ளியோடும் கறிவேப்பிலையோடும் சட்டியின் அடியில் பரப்பி, உப்பிட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, மேலே கோழியைத் தோல் மேற்புறம் இருக்குமாறு அடுக்கவேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. கொழுப்பு உருகிக் கீழிறங்கிக் கிழங்குக்குள் போவதற்காகத்தான் கிழங்கு கீழே இருக்கிறது. இருநூறு பாகையில் முக்கால் மணி நேரம் மூடியும், பிறகு இருபது இருபத்தைந்து நிமிடம் திறந்தும் வேகவேண்டும். எலும்பை ஒட்டிய இடத்தில் குத்தினால் செந்நீர் வரக்கூடாது.

முதல்முறை நாம் தக்காளியைக் கிழங்கோடு சேர்த்தே போட்டோம். கோழி வெந்தும் கிழங்கு விறைத்துக்கொண்டு நின்றது. புளிப்பு பட்டால் கிழங்கு எளிதில் குழையாது. காய் வெந்தபின்பே புளி விடவேண்டும் என்று ஆச்சி சொன்னதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டிருந்தும் ஓவனுக்கு அது பொருந்தாது என்று எண்ணியது நமது படிப்பின் கோளாறு. நாட்டுக்கோழியில் செய்ய முயன்றபோது கதை தலைகீழாயிற்று. கோழி வேகுமுன் கிழங்கு கூழாயிற்று. அதற்குக் கோழியை முன்னதாகவே அரைவேக்காடு வேகவைத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் எழுதியது சமையற்குறிப்புக்காக அன்று. பந்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.

நம் சிறுவயதில் வீட்டில் பதினொருவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி. ஒரு கோழியைப் பதினொருவருக்குப் பெருக்க, கிழங்கு போட்டார்கள். உருளைக்கிழங்கு நம் கோழிக்கறிக்குள் நுழைந்த வழி சுவையன்று, கணக்கு. இரண்டு கால்களும் முன்கட்டில் உண்ணும் ஆண்களுக்கு. நெஞ்சுக்கறி பையன்களுக்கு. பெண்கள் அடுக்களையில் கடைசியாக அமரும்போது கழுத்தும் குழம்பும் கிழங்கும் இருக்கும். சில நாள் கழுத்தும் இராது. 'எனக்குக் கிழங்குதான் பிடிக்கும்' என்று அம்மை சொல்வாள். நாம் அதை நம்பினோம். தமிழ் முதுகலை படித்து, கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடம் நடத்தி, ஒரு மனைவியின் வாயிலாக ஒரு சமுதாயத்தின் அநீதி சொல்லப்படுவதை மாணவர்களுக்கு விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மை பரிமாறிய கோழிக்காலை உண்டோம்.

அடுக்களையிலிருந்து அகப்பை வழியாக வரும் உணவில் பங்கீடு மறைவாக நடந்துவிடுகிறது. குழம்புச்சட்டியின் ஆழத்தில் எத்தனை துண்டு மிஞ்சியிருக்கிறது என்பது பரிமாறுகிறவளுக்கு மட்டும் தெரியும். அவள் தன்னைத்தான் முதலில் கழித்துக்கொள்வாள். சட்டிக்கோழியில் எல்லாத் துண்டுகளும் மேலே தெரிகின்றன. சட்டி நடுவில் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றி அமர்ந்தால்தான் சூடு ஆறாமல் உண்ணமுடியும். எண்ணிப் பார்க்க ஒரு நொடி போதும். மேசையோ ஓவனோ சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. மேசையிட்ட வீடுகளிலும் பெண்கள் நின்றுகொண்டே பரிமாறுவதைக் காண்கிறோம். ஆனால் இந்தச் சட்டியை வைத்துக்கொண்டு 'தீர்ந்துபோயிற்று' என்று பொய் சொல்வது கடினம். அந்த அளவில் இது நம் வீட்டுக்குத் தேவையான பண்டம்.

சென்ற மாதம் செய்தபோது அம்மையையும் அமரச்செய்து, முதல் கரண்டியை அவள் தட்டில் வைத்தோம். கோழிக்கால். எழுபத்தைந்து வயதில் அதை என்ன செய்வது என்பதுபோலச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் எலும்பு வெளுக்கும்வரை உண்டாள். நாம் தலை குனிந்து நம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்டு முடித்ததும் தட்டை நம் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த அடிக்கிழங்குல ரெண்டு போடு மக்கா. அதுதான் நல்லாருக்கு."