யார் எழுதிய சரித்திரம்?



ரோமாபுரியில் கி.மு. 494-ம் ஆண்டில் ஒரு வேலைநிறுத்தம் நடந்ததாகச் சரித்திரம் சொல்லுகிறது. கடன்பட்ட குற்றத்திற்காக விலங்கு பூண்டு, கசையடி பட்டு, போர் வந்தால் மட்டும் முன்னணியில் நிறுத்தப்பட்ட ஏழைக் குடிமக்கள், ஒருநாள் ஊரைவிட்டே வெளியேறிக் குன்றின்மேல் போய் உட்கார்ந்து கொண்டார்கள். போரிட ஆளில்லை! பெருங்குடிச் சீமான்கள் பதறினர், தூது அனுப்பினர், இறங்கி வந்தனர். ஏழைகளைக் காக்க 'ட்ரிப்யூன்' என்ற பதவி அன்று பிறந்தது. அந்த ஏழைகளுக்கு ரோமாபுரியில் பெயர் 'பிளெப்ஸ்'.

2,400 ஆண்டு கழித்து அந்தப் பெயர் மறுபடி கேட்டது. எங்கே? இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில்! தொழிலாளர் படிப்பதற்கென்று 1899-ல் அங்கே ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்கு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் வந்த மாணவர்கள், 1908-ல் ஒரு சங்கம் கண்டார்கள். 'பிளெப்ஸ் லீக்' என்று பெயர் சூட்டினார்கள். டேனியல் டி லியோன் என்ற அமெரிக்க சோஷலிஸ்டு ரோமாபுரி வரலாறுபற்றி வெளியிட்ட சிறு புத்தகம் தந்த பெயர் அது. அடுத்த ஆண்டு அவர்களே வகுப்பைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியே ஒன்று பிறந்தது. 1919-ல் அங்கே வந்து சேர்ந்த வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர்தான் அன்யூரின் பெவன். 1948-ல் மந்திரியாக இருந்து, நாட்டு மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தாரே, அவரேதான்.

அந்த நாட்டில் இன்று நிலைமை என்ன? பள்ளி இறுதியில் எழுதும் ஏ-லெவல் தேர்வில் 'பண்டைய வரலாறு' ஒரு பாடம். பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில் அதற்கு ஆசிரியர் உண்டு, அலமாரி நிறையப் புத்தகம் உண்டு. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் பாடமே கிடையாது. 2007-ல் தேர்வு நடத்தும் ஓ.சி.ஆர். அமைப்பு அந்தப் பாடத்தையே எடுத்துவிடப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பின்வாங்கியது. அரசுப் பள்ளிகளில் லத்தீன் கற்பிக்கும் திட்டத்துக்குக் கொடுத்துவந்த பணத்தை 2025 பிப்ரவரியோடு, படிப்பாண்டின் நடுவிலேயே, நிறுத்தியது யார்? தொழிற்கட்சி அரசு! பெவன் வளர்த்த கட்சி!

லாரி ஓட்டுபவரின் மகள், கிடங்கில் மூட்டை தூக்குபவரின் மகன், இந்தத் தேர்வை எழுத ஆசைப்பட்டால் எதை நம்பிப் படிப்பது? சுருக்கக் குறிப்பு நோட்டுகள் கடையில் நிறைய உண்டு. தேதி மனப்பாடம் செய்ய உதவும், அதற்குமேல் உதவாது. கேள்வி தேதியைப் பற்றியது மட்டுமல்லவே! பழைய ஆசிரியர் ஒருவரின் எழுத்தைக் கொடுத்து, இதை எவ்வளவு தூரம் நம்பலாம், ஏன் என்று கேட்கிறார்கள். நோட்டு விழித்துப்போகும் இடம் அதுதான்.

காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுக்க வேண்டும். பாடத்திட்டம், பழைய வினாத்தாள், தேர்வாளர் அறிக்கை மூன்றும் இலவசம். கிரேக்கத்தில் பொதுப் பகுதி கி.மு. 492 முதல் 404 வரை, ரோமாபுரியில் கி.மு. 31 முதல் கி.பி. 68 வரை. இந்த எல்லையை அறியாமல் டிராய் யுத்தத்தில் ஆரம்பிக்கிறவன் பாதி வழியில் களைத்துப்போவான். அடுத்தது மூல நூல்கள்: ஹெரடோட்டஸ், துசிடிடீஸ், டாசிடஸ், சூட்டோனியஸ். 1906-ல் எவ்ரிமேன் வரிசை ஒரு ஷில்லிங்குக்கு இவற்றைப் போன்ற நூல்களைத் தொழிலாளி கையில் கொடுத்தது. 1946-ல் பெங்குவின் எளிய ஆங்கிலத்தில் கொடுக்கத் தொடங்கியது. இன்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் நூலகத்தில் மொழிபெயர்ப்போடு இலவசமாகவே படிக்கலாம். செவ்வியல் ஆசிரியர்களின் லண்டன் சங்கம் தொடங்கிய 'லாக்டர்' வரிசை எல்லாவற்றிலும் உருப்படியானது. கல்வெட்டு, நாணயம், சிதறிக் கிடக்கும் எழுத்து எல்லாவற்றையும் தலைப்புவாரியாகத் திரட்டி மொழிபெயர்த்த தொகுப்பு அது.

புத்தகம் கிடைத்தால் போதுமா? படிக்கும் கண் வேண்டும். இங்கேதான் பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு, சீமான் வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது!

கி.மு. 480-ல் சாலமிஸ் கடற்போரில் ஏதென்ஸ் பாரசீகத்தை வென்றது. கப்பல் கட்டப் பணம்? லாரியம் வெள்ளிச் சுரங்கம். 200 கப்பல் என்கிறார் ஹெரடோட்டஸ். தெமிஸ்டோகிளீஸின் யோசனை என்கிறார். வெள்ளியை வெட்டியது யார்? அந்த இடத்தில் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு செனபோன் வருகிறார். அரசின் வருமானத்தைப் பெருக்க யோசனை சொல்லும் நூலில், போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்: நிகியாஸ் என்ற பிரபு 1,000 அடிமைகளை ஸோசியாஸ் என்ற சுரங்கக் காண்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபல். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது! செத்தவன் இடத்துக்கு வேறொருவனைக் கொண்டுவர வேண்டியது காண்ட்ராக்டர் பொறுப்பு. இதே நிகியாஸ் சிசிலியில் கொல்லப்பட்டபோது, நற்குணத்தோடு வாழ்ந்த இவருக்கா இந்தக் கதி என்று இரங்குகிறார் துசிடிடீஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காண்ட்ராக்ட் கூலியின் வீட்டில் பிறந்தவனுக்கு இதை ஆசிரியர் விளக்க வேண்டுமா?

எதிரியின் வாக்குமூலமும் உண்டு. ஜனநாயகத்தை வெறுத்த பெயர் தெரியாத ஏதென்ஸ்காரர் ஒருவர், 'கிழப் பிரபு' என்று ஆராய்ச்சியாளர் அழைப்பவர், கப்பலைத் துடுப்புப் போட்டு ஓட்டுவது ஏழைகளாதலால் அவர்கள் கை ஓங்கியிருப்பது நியாயமே என்று மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறார். ஏதென்ஸ் கோட்டைமேல் எரெக்தியம் கோயில் கட்டிய கூலிக் கணக்கோ கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. குடிமகன், அயலான், அடிமை மூவரும் ஒரே வேலைத்தளத்தில். பலருக்கு நாள் கூலி ஒரு டிராக்மா, அதாவது 6 ஓபல். அடிமையின் கூலி எஜமானன் பைக்குப் போயிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

நமக்கும் ஒரு வார்த்தை. மேடைதோறும் ஸ்பார்ட்டகஸ் பெயரை முழங்குகிறோம். கி.மு. 73-ல் கிளம்பிய அந்த அடிமைப் படையைப் பற்றி ஓர் அடிமை எழுதிய வரிகூட நம்மிடம் இல்லை. ப்ளூடார்க், அப்பியன் என்ற பிற்காலத்தவர் எழுத்தில்தான் பெரும்பகுதி அறிகிறோம். காப்புவாவிலிருந்து ரோமாபுரிவரை 6,000 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள் என்ற கணக்கு அப்பியன் தந்தது. முதலில் சொன்ன குன்றேறிய கதையை விரிவாகச் சொல்லும் லிவியும் 450 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர். வயிற்றோடு கைகால்கள் சண்டைபோட்ட கதையைத் தூதர் சொல்ல, ஏழைகள் மனம் மாறினார்களாம்! கதை கேட்டா இறங்கினார்கள்? பதவியை வாங்கிக்கொண்டல்லவா இறங்கினார்கள்!

இக்கால ஆசிரியர்களில் டி செயின்ட் குரோய் 1981-ல் எழுதிய பண்டைய கிரேக்க வர்க்கப் போராட்ட நூல் நம் கருத்துக்கு நெருக்கமானது. ஆனால் 700 பக்கத்துக்கு மேல். அதில் தொடங்கினால் தேர்வுக்கு முன் கரையேற முடியாது. டொனால்டு கேகன் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய 24 கிரேக்க வரலாற்று வகுப்புகள் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. அவர் பச்சை வலதுசாரி. இருந்தாலென்ன, பாடம் நடத்தத் தெரிந்தவர். கேட்டுவிட்டு, குரோயையும் புரட்டி, இருவரையும் மோதவிட்டு எழுதுபவனுக்கு மதிப்பெண் வரும்.

2010-க்குப் பிறகு நூற்றுக்கணக்கான பொது நூலகங்களை இழுத்து மூடிய நாடு அது. மிஞ்சிய நூலகங்களில், இல்லாத புத்தகத்தை எழுதிக் கொடுத்தால் வேறு ஊர் நூலகத்திலிருந்து தருவித்துத் தரும் ஏற்பாடு உண்டு. வாரக்கணக்கில் ஆகலாம். தேர்வு கோடையில், கேட்க வேண்டியதை இலையுதிர் காலத்திலேயே கேட்டுவைக்க வேண்டும்.