அங்கன்வாடியில் ஒரு பெஞ்ச் போடுங்கள்

பெரம்பூர் சந்துகளில் காலையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். அப்பன் மின்சார ரயிலைப் பிடித்திருப்பான், அம்மா கம்பெனி வேனில் ஏறியிருப்பாள். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் இப்போதைய டூட்டி, பேத்தியைக் கொண்டுபோய் விடுவதுதான்.

எங்கள் வேலை வாசலோடு சரி. உள்ளே டீச்சரும் உதவியாளரும் அத்தனை வாண்டுகளோடு மல்லுக்கட்டுவார்கள். எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போனில் விவரம் ஏற்ற வேண்டும். வெளியே நாங்கள் மதியம்வரை டீக்கடையில் அதே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்போம். தினம் ஒரு மணி நேரம் அந்தக் கதவை எங்களுக்கும் திறந்துவிட்டால் என்ன?

இதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மறு வருஷமே முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் மதியச் சோறு என்று அதை நீட்டினார்கள். பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே அடுப்பில் உலை வைத்த அரசுக்கு, இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கத் தோன்றவில்லை. ஆனால் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்குள்ளேயே 1991 முதல் மழலையர் பள்ளி நடக்கிறது.

எங்கள் தெருவில் பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1996-ல் மில்லை மூடியதோடு அதன் சங்கும் நின்றுபோனது. ஒருநாள் மழைக்கு அங்கன்வாடித் திண்ணையில் ஒதுங்கியவர், அழுதுகொண்டிருந்த பையனுக்காகக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஷிப்ட் சங்கை வாயாலேயே ஊதிக் காட்டினார். அழுகை நின்றது. "தாத்தா, இன்னொரு தபா!" என்று மொத்தக் கூட்டமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. வீட்டில் 'மாத்திரை போட்டாச்சா' என்பதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் தெருவெல்லாம் சங்குச் சத்தம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பது ஏற்கெனவே பாட்டிகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது. மூட்டுவலியோடு இருக்கும் அவர்களை இங்கேயும் சம்பளமில்லாத ஆளாக்கிவிடக் கூடாது. இஷ்டப்பட்டவர்கள் வரட்டும், கதை சொல்லட்டும், சும்மாவும் உட்காரட்டும். சளி, காசநோய் இல்லை என்று மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். எந்தப் பிள்ளையையும் யாரிடமும் தனியாக விடக் கூடாது. எல்லாம் டீச்சர் கண்ணெதிரில்தான் நடக்க வேண்டும்.

2023-ல் முதியோர் ஓய்வூதியத்தை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். அந்தக் காசு மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் ஆகும். பகல் பொழுதைப் போக்க ஆகாது.

பெரம்பூரில் ஒரே ஒரு மையத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு பெஞ்சும், கழிப்பறையில் ஒரு கைப்பிடியும் போதும். பிள்ளைகளின் வருகையோடு எங்கள் வருகையையும் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்து, பிரயோஜனம் இல்லையென்றால் பெஞ்சைத் தூக்கிவிடுங்கள்.