கேமரா யாரு மச்சி?

சீஸனுக்குக் குற்றாலம் வர்ற ஃப்ரெண்ட்ஸ், ஐந்தருவியில குளிச்ச தலை காயறதுக்குள்ளே கேட்பாங்க: ‘சுந்தரபாண்டியபுரம் எப்படிப் போகணும் மச்சி?’ ‘ரோஜா’ கதையில ஹீரோயினோட ஊராச்சே! 1992-ல் வந்த படம். டைரக்டர் யாரு, மியூசிக் யாருன்னா டக்குனு பதில் வரும். கேமரா யாருன்னா..? கப்சிப்!

சந்தோஷ் சிவன். நம்ம மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக்காரர். அப்பா சிவன், பேர்போன போட்டோகிராபர். மகன் புனே இன்ஸ்டிட்யூட்டில் கேமரா படிச்சார்.

‘சின்னச் சின்ன ஆசை’யில வர்ற பாணதீர்த்தம், நம்ம பாபநாசத்துக்கு மேலேதான் இருக்கு. நாமும்தான் அருவியை போட்டோ எடுக்கறோம். உச்சி வெயில்ல எடுத்தா, காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப் போயிருக்கும். சூரியன் பின்னாலிருந்து சாய்வா விழுந்தா, அதே தண்ணி துளித் துளியா மினுங்கும். இந்த பேக்லைட்தான் மனுஷனோட ஏரியா! 1991-ல் ‘தளபதி’யில ரஜினிக்குப் பின்னால நிஜ சூரியனையே கொண்டுவந்து நிறுத்தினவராச்சே.

‘இருவர்’ தேசிய விருது வாங்கித் தந்தது. 2004-ல் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’னு இங்கிலீஷ் படம். 2024-ல் கான் விழாவில, ஒளிப்பதிவாளர்களுக்கான பியர் ஆஞ்சனியூ விருதை வாங்கின முதல் இந்தியர். அன்னிக்கு நம்ம தெருவுல ஒரு பேனர்கூட இல்லை. ஹீரோ பர்த்டேன்னா பால் பாக்கெட்டோட நிப்போம்!

சினிமா ஆசையில சென்னைக்குப் பஸ் ஏறுற நம்ம ஊர்ப் பசங்க எல்லாருக்கும் கேமரா முன்னாடிதான் கண்ணு. பின்னாடி நிக்கறதுக்கும் தரமணி இன்ஸ்டிட்யூட்டில் படிப்பு இருக்கு மக்கா. அதுவரைக்கும் கையில இருக்கிற செல்போன் போதும். நாளைக்கு விடிகாலையில அருவிக்குப் போய்ப் பாருங்க.

சாரல்ல செல் நனைஞ்சா நான் பொறுப்பில்லை!