பிடி தளர்ந்த கத்தி

கவ்வாத்து மலைக்குப் போகிறவர் எவரும் கத்தியைத் தீட்டாமல் போவதில்லை. கூர் பிடித்திருக்கிறதா என்று பெருவிரலால் தடவிப் பார்க்கிறோம். பிடியை எத்தனை பேர் பார்க்கிறோம்?

அண்மையில் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய இளைஞரின் கத்தி பிடியிலிருந்து கழன்று, பக்கத்து நிரையில் நின்றவரின் காலைக் கிழித்தது. ஒன்பது தையல். பிடி வெடித்து இரண்டு கிழமையாம். சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டித்தான் வேலை செய்திருக்கிறார். புதுப் பிடி கேட்டபோது, "இருப்பதை வைத்துச் சமாளி" என்றார்கள். காயம் பட்ட பிறகு, "இந்தக் கத்தியோடு ஏன் மலைக்கு வந்தாய்?" என்று கேட்டார்கள்.

பிடி தளர்ந்தால் இரவில் தண்ணீரில் ஊறப்போடுவது நமது வழக்கம். ஊறிய மரம் உப்பி இரும்பை இறுக்கும். ஆனால் வெயிலில் காய்ந்ததும் சுருங்கி, முன்பைவிட அதிகமாக ஆடும். பச்சை மரத்தில் சீவிப் போட்ட மண்வெட்டிக் காம்புக்கும் கோடரிக் காம்புக்கும் இதே கதிதான். நன்றாகக் காய்ந்த, கணு இல்லாத, நார் நீளவாக்கில் ஓடும் மரம்தான் பிடிக்கு ஏற்றது. வெடித்த பிடியைக் கட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக்குத் தொழில் கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டுமென 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தையல் போட்ட பிறகு நட்டஈடு தேடுவதைவிட, முன்கூட்டியே ஒரு மரப்பிடி கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

எமது கோரிக்கைகள் மூன்று. ஸ்டோரில் காய்ந்த பிடிகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே ஆயுதங்களையும் பார்க்க வேண்டும். பிடி மாற்றப் போன நேரத்துக்காக எவருக்கும் அரைப்பேர் போடக்கூடாது.

தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடும் கத்தியோடு மலையில் இறங்காதீர்கள், தலைவரிடம் சொல்லுங்கள். சிறு காயமானாலும் அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

தலைவர்மாரே, தலைவிமாரே, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் எத்தனை பிடிகள் மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கை முன்னால் வைத்து நிர்வாகத்தோடு பேசுவோம்.