தெருவே அரங்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவை ஒட்டிப் பாரதக் கூத்து நிகழ்கிறது. நுழைவுச்சீட்டு இல்லாமல் மண்ணில் அமர்ந்து விடிய விடியக் கூத்துக் காண்பது இப்பகுதியின் மரபு. அதே மாவட்டத்தின் ஓசூரில் நிலை வேறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் அவ்வெல்லை நகரின் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உழைக்கின்றனர். ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நிற்கும் இருவர், ஒருவர் வாழ்வை மற்றவர் அறியாமலேயே பணி முடித்துப் பிரிகின்றனர். இந்த இடைவெளியைக் கலையால் குறைக்க இயலும். தில்லியைச் சேர்ந்த ஓர் இந்தி நாடகக் குழுவின் வரலாறு அதற்கு வழிகாட்டுகிறது.

'ஜன நாட்டிய மஞ்ச்' என்னும் அக்குழு 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மக்கள் நாடக மேடை என்பது அப்பெயரின் பொருள். தொடக்கத்தில் அது பெரிய மேடை நாடகங்களை நடத்தியது. நெருக்கடி நிலைக்குப் பின்னர் அவற்றின் செலவைத் தொழிற்சங்கங்களால் ஏற்க இயலவில்லை. எனவே, எவ்விடத்திலும் நடிக்கத்தக்க சிறு நாடகங்களுடன் குழு தெருவுக்கு வந்தது.

1978ஆம் ஆண்டு அரங்கேறிய 'மெஷீன்' அவ்வகையில் முதல் நாடகம். ஒரு தொழிற்சாலையில் மிதிவண்டி நிறுத்துமிடமும் தேநீர் அருந்தும் இடமும் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வே அதன் கரு. நடிகர்கள் தம் உடல்களையே இணைத்து இயந்திரமாக இயங்குவர். தொழிலாளி விலகியதும் இயந்திரம் நின்றுவிடும். உழைப்பின் பெருமையை அக்காட்சி சொல்லின்றியே உணர்த்துகிறது. இந்தி அறியாதவருக்கும் அது விளங்கும்.

கருத்தைப் பரப்பும் நாடகம் கலையாகாது என்பார் உளர். கருத்தைச் சொல்வதால் கலை தாழ்வதில்லை. கருத்து காட்சியாக மாறாதபோதே தாழ்கிறது. பாரதக் கூத்தும் அறம் உரைப்பதே; அதனால் அதன் கலைநயம் குன்றிவிடவில்லை.

1989 சனவரி 1 அன்று, தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழுவினர் தாக்கப்பட்டனர். தொழிலாளி ராம் பகதூர் கொல்லப்பட்டார். நாடகத்தின் இயக்குநரான சப்தர் ஆஷ்மி மறுநாள் உயிர்நீத்தார்; அவருக்கு அகவை 34. சனவரி 4 அன்று, அவர்தம் துணைவியார் மொலயஸ்ரீ ஆஷ்மியும் குழுவினரும் அதே இடத்திற்குத் திரும்பிச் சென்று, தடைபட்ட நாடகத்தை நடித்து முடித்தனர். துயரத்தையும் அச்சத்தையும் கடந்து மக்களுக்குத் தந்த சொல்லைக் காத்த செயல் அது. அவர் பிறந்த ஏப்ரல் 12, தேசிய வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. பிரளயன் 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வீதி நாடகங்களைத் தொடர்ந்து நிகழ்த்தி வந்துள்ளது. இவ்வழியில் ஓசூரும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அவ்வூர் இளைஞர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் விடுமுறை நாளில் கூடி, தத்தம் மொழியில் பேசி ஒரே நாடகத்தில் நடிக்கலாம். அதற்கு விலையுயர்ந்த அரங்கு தேவையில்லை; திறந்தவெளியும் கேட்கும் மனமும் போதும்.

அயலவரை உழைக்கும் கைகளாக மட்டும் காணும் ஊர் அவர்தம் முகங்களை அறிவதில்லை. வட்டமாகக் கூடி நின்று ஒரு நாடகத்தைக் காணும்போது எதிரில் நிற்பவரின் முகமும் தெரிகிறது. அறிமுகம் அங்கே தொடங்குகிறது.