600 யூனிட் வேலி: ஏர்கோன் டைமரும் புதிய மின்கட்டணமும்

சுங்கை பூலோவில் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்குகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது ஏர்கோன் ரிமோட்டைத்தான். அறை தகிக்கிறது. ரிமோட்டில் 16 டிகிரி அழுத்தப்படுகிறது. இரவு முழுவதும் அது அப்படியே ஓடுகிறது. மாத இறுதியில் மின்கட்டண பில் வரும்போது, பழி முழுவதும் அரசாங்கத்தின் மீதும் தெனாகா நேஷனல் மீதும் விழுகிறது.

பழியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2025 ஜூலை 1-இல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையைச் சற்று உற்றுப் பார்த்தால், அந்த ரிமோட்டில் உள்ள எண்ணுக்கும் பில்லில் உள்ள தொகைக்கும் இதற்கு முன் இல்லாத ஒரு நெருக்கம் ஏற்பட்டிருப்பது தெரியும்.

பழைய முறையில் கட்டணம் படிப்படியாக ஏறியது. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், அதற்கு மேல் 51.6 சென் என்று போனது. ஒரு படியைத் தாண்டினாலும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே கூடுதல் விலை. புதிய முறை அப்படியல்ல. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சக்திக்கு 27.03 சென், கொள்திறனுக்கு 4.55 சென், மின்கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென் என, யூனிட்டுக்கு மொத்தம் 44.43 சென். சிக்கனமாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதிலிருந்து ஒரு தொகை கழிக்கப்படுகிறது. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏறக் கழிவு குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

இந்தக் கழிவு அந்த மாதத்தின் மொத்தப் பயன்பாட்டுக்கும் பொருந்தும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 551 முதல் 600 யூனிட் வரை கழிவு 9 சென். 601-ஐத் தொட்டதும் 7.5 சென். அதோடு, 600-க்குள் இருப்பவர்களுக்கு விலக்கப்பட்டுள்ள 10 ரிங்கிட் மாதாந்திரச் சில்லறைக் கட்டணமும் சேர்கிறது. எரிபொருள் விலையை ஒட்டி மாதந்தோறும் ஏறி இறங்கும் சரிக்கட்டுத் தொகையும் 600-ஐத் தாண்டியவர்களுக்கே. 8 விழுக்காடு சேவை வரியும் 600-க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு, வரிகள் நீங்கலாக 212 ரிங்கிட் 58 சென். 601 யூனிட் என்றால் 231 ரிங்கிட் 95 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல். 650 யூனிட் ஆகிவிட்டால் 250 ரிங்கிட். அதாவது 600-ஐத் தாண்டிய அந்த 50 யூனிட்டுக்கும் யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 75 சென் விழுகிறது. அதே நேரத்தில், பழைய முறையில் 600 யூனிட்டுக்கு 231 ரிங்கிட் 80 சென் கட்டிய வீடு இப்போது அதைவிடக் குறைவாகத்தான் கட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேலிக்கு உள்ளே நிற்பவருக்கு லாபம்.

600 யூனிட் என்பது சொகுசு வீட்டின் அளவு அல்ல. இரண்டு அறைகளில் ஏர்கோன், ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், சுடுநீர் ஹீட்டர், நான்கைந்து மின்விசிறி உள்ள சாதாரண மாடி வீடோ தாமான் வீடோ தொட்டுவிடக்கூடிய எண் அது. ஒரு குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஏர்கோன் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இரவுக்கு எட்டு மணி நேரம், இடையிடையே கம்ப்ரசர் ஓய்ந்து ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 150 யூனிட் போய்விடும். இரண்டு அறை என்றால் 300. வீட்டின் பாதிப் பில் அது.

ரிமோட்டில் தெரியும் எண்ணைப் பலர் கார் வேகத்தைப் போல நினைக்கிறார்கள். 16 என்று வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை. சாதாரண ஏர்கோனில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே இருக்கும் உணர்கருவி அறைக் காற்றின் வெப்பத்தை அளந்து, கேட்ட அளவு வந்ததும் கம்ப்ரசரை நிறுத்துகிறது. 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் குளிர்விக்கும் வேகம் ஒன்றுதான். 24-இல் வைத்தால் ஓய்வு கிடைக்கும். 16-இல் வைத்தால், நம் ஊர் வெயிலில் சூடேறிய கூரையின் கீழ் அந்த அளவு வரவே வராது என்பதால் விடியும்வரை ஓயாமல் ஓடும். இன்வெர்ட்டர் வகை தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், 16 கேட்டால் அதற்கும் குறைக்க வழியில்லை.

இந்த எண்ணைக் கட்டுப்படுத்த அரசாங்கங்களும் முயன்றிருக்கின்றன. 2005-இல் ஜப்பான் அலுவலகங்களில் 28 டிகிரி என்று இயக்கமே நடத்தியது. 2011-இல் மலேசிய அரசு அலுவலகங்களில் 24-க்குக் கீழே இறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏர்கோன்கள் முதலில் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்பது அந்நாட்டு எரிசக்திச் சிக்கனத் துறையின் கணக்கு. அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால், இரண்டு அறைகளையும் 20-இலிருந்து 24-க்கு ஏற்றினால் 300 யூனிட்டில் 70 யூனிட் குறையும். 650 யூனிட் வீடு 580-க்கு இறங்கும். பில் 250 ரிங்கிட்டிலிருந்து 205 ரிங்கிட்டுக்கு வரும். புது ஏர்கோன் வாங்காமல், ஒரு சென் செலவில்லாமல்.

அடுத்தது டைமர். மின்விசிறி சேர்ந்து ஓடும் அறையில் பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு மேல் ஏர்கோன் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியும். ஆனாலும் ரிமோட்டில் டைமர் பொத்தானைத் தொட்டவர்கள் குறைவு. இது நம்மவர்களின் சோம்பல் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் நேரம் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட் கருவிகளுக்கு எனர்ஜி ஸ்டார் சிக்கன முத்திரை வழங்கிவந்தார்கள். 2009 இறுதியில் அதை நிறுத்திவிட்டார்கள். கருவியில் குறை என்பதால் அல்ல. வாங்கியவர்களில் பலர் அதைச் சரியாகக் குறித்துப் பயன்படுத்தவில்லை, எதிர்பார்த்த மிச்சம் உறுதியாகக் கிடைக்கவில்லை என்பதால்.

டைமருக்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மின்சக்தி விலை 28.52 சென். மற்ற நேரங்களிலும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை முழு நாட்களிலும் 24.43 சென். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் 40 மணி மட்டுமே. மொத்தப் பயன்பாட்டில் சுமார் 64 விழுக்காட்டுக்கு மேல் உச்ச நேரத்தில் போனால்தான் நஷ்டம். 600 யூனிட்டில் கால்வாசி உச்ச நேரத்தில் போகிறது என்றால் மாதம் ஒன்பதரை ரிங்கிட் அளவுக்கு மிச்சம். பெரிய தொகை இல்லை. 600 வேலியைத் தாண்டாமல் இருப்பதில் கிடைப்பதுதான் பெரியது.

நேரவாரிக் கட்டணத்தில் உண்மையான பயன் பெறக்கூடியவர்கள் இரவு வேலைக்காரர்கள். சுங்கை பூலோ மருத்துவமனையில் இரவுப் பணி முடிக்கும் தாதியர், தொழிற்சாலை ஷிப்ட் ஊழியர்கள், பாதுகாவலர்கள் காலை எட்டு மணிக்குப் படுத்துப் பிற்பகல் இரண்டுக்கு எழுந்தால், அவர்களின் தூக்கம் முழுவதும் குறைந்த கட்டண நேரத்தில் அடங்கிவிடும். ஏர்கோன் 2 மணிக்குத் தானாக நிற்கும்படி குறித்து வைத்தால் போதும். மாறாக, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள குடும்பம், பத்து மணிவரை காத்திருக்க வேண்டுமென்று அவர்களைப் பிற்பகல் வெக்கையில் வாட்டக்கூடாது. யூனிட்டுக்கு நான்கு சென் வித்தியாசத்துக்காக அது தகாது.

ஒரு காலத்தில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் பரந்து கிடந்த நிலம் இது. இன்று அதில் குவாசா டாமன்சாரா நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் நாட்டின் பல தோட்ட லயங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவு சில மணி நேரம்தான். எஞ்சின் நின்றால் விளக்கும் போய்விடும். அங்கிருந்து வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே ஏர்கோனை முடுக்குகிறார்கள். வீட்டின் மின்கம்பிகள் மட்டும் பல இடங்களில் வீடு கட்டிய நாளில் போட்டவையே. இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று கணக்கிட்டுப் போட்ட கம்பியில்தான் இன்று எல்லாமே தொங்குகிறது.

இணையக் கடைகளில் 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்' என்று விற்கப்படும் பொருட்களை வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். அமெரிக்க வீடுகளுக்காகச் செய்யப்பட்ட பல கருவிகள் 24 வோல்ட் மின்சாரத்தில், வீடு முழுவதற்குமான மைய ஏர்கோனுக்காக உருவானவை. நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏர்கோனுக்கு அவை பொருந்தா. 230 வோல்ட் கம்பியை அவற்றில் இணைத்தால் கருவி எரியும். கையில் பிடித்திருப்பவருக்கும் ஆபத்து. நமக்குப் பொருத்தமானது ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் சிறு பெட்டி. அதை மேசையில் வைத்தால் போதும், எந்தக் கம்பியையும் தொட வேண்டியதில்லை. உண்மையில், ஏர்கோனோடு வந்த ரிமோட்டின் டைமரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஏர்கோனை ஸ்மார்ட் பிளக்கில் செருகி நேரம் குறிப்பது இன்னொரு தவறு. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் மின்சாரத்தைத் திடீரென வெட்டி, உடனே மறுபடி கொடுத்தால் அது பழுதாகும். நிறுத்திய பின் மூன்று நிமிடமாவது விட வேண்டும். ரிமோட் வழியாக நிறுத்தினால் இயந்திரம் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். பிளக் தரமற்றதாக இருந்தால், நள்ளிரவில் எல்லாரும் தூங்கும்போதுதான் அது சூடேறி உருகும். ஏர்கோனுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் தனி சுவிட்சும் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டவே கூடாது. எதை வாங்கினாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மின்சாரம் தடைப்பட்டு மீண்டால் சில டைமர்கள் நேரத்தை மறந்துவிடும். சில ஏர்கோன்கள் ஆளில்லாத வீட்டில் தாமாகவே ஓடத் தொடங்கும். இடி மின்னல் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இது அடிக்கடி நடப்பது.

அதே இடி மின்னலால்தான் மெயின் பெட்டியில் உள்ள கசிவுத் தடுப்பான் அவ்வப்போது விழுகிறது. பலர் இன்னும் 'ஈஎல்சிபி' என்றே அதை அழைக்கிறார்கள். அடிக்கடி விழுகிறதே என்று அதை ஒதுக்கிவிட்டு நேரடியாகக் கம்பி இணைத்துக் கொடுக்கும் ஆட்கள் உண்டு. அதைவிட மோசமான உதவி வேறில்லை. குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் தடுப்பான் வேண்டும். வீடு முழுவதற்குமாக இருக்கும் 100 மில்லி ஆம்பியர் தடுப்பான், ஈர உடம்போடு நிற்பவரைக் காப்பாற்றாது. ஹீட்டர் 3.5 கிலோவாட் அளவில் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கின் எல்லை சுமார் 3 கிலோவாட். எனவே ஹீட்டரைப் பிளக்கில் மாட்டுவது நெருப்புக்கு வழி. தடுப்பானில் 'டி' என்ற சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

புதுக் கம்பி போடும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேன் அல்லது குத்தகையாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கு 'ஜி' பாரமும் சோதனைக்கு 'எச்' பாரமும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஐம்பது ரிங்கிட் குறைவாகக் கேட்பவர் இந்தப் பாரங்களைத் தர மாட்டார். குறைவாகக் கேட்பதன் காரணமும் பெரும்பாலும் அதுவே.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் கூடுதல். மின்கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், நேரவாரிக் கட்டணத்துக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே மீட்டரில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்ட வீட்டில் 600 வேலி மாதத்தின் பாதியிலேயே தாண்டப்பட்டுவிடும். சிக்கனமாக இருக்கும் அறைக்காரரும் சேர்ந்தே அந்தக் கூடுதலைக் கட்டுகிறார். வாடகை ஒப்பந்தம் போடும்போதே மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, ஹீட்டருக்குத் தனித் தடுப்பான் உண்டா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குவது அவர்களுக்கு உள்ள வழி. சாவி கைமாறும் அன்றே அந்த 'டி' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாம்.